பதினேழு குறைகளும் ஒரு பிழையும்

கோட் என்று நாங்கள் சொல்லும் அந்த நிரலைப் படித்து முதல் சுற்றில் நான் பதினேழு குறைகள் எழுதினேன். ஒன்றுகூட உண்மையான குறை இல்லை. இந்தப் பெயர் நீளமாக இருக்கிறது, இங்கே ஒரு வரி இடைவெளி வேண்டும், அந்தக் குறிப்பில் ஓர் எழுத்து விடுபட்டிருக்கிறது. எல்லாமே இந்த ரகம். எழுதும்போதே எனக்கு அது தெரியும். தெரிந்தும் எழுதினேன். அந்தக் கோட்டில் பாதிக்கு மேல் எனக்குப் புரியவில்லை. அதை யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை.

எங்கள் அலுவலகம் ஹட்டன் பிரதான வீதியில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மேலே இருக்கிறது. இரண்டு அறைகள், ஏழு பேர். கீழே கம்பி வெட்டினால் மேலே மேசை அதிரும். வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிறோம். அவர்கள் தயாரிப்பது ஹைப்பர்வைசர். ஒரு பெரிய கணினியைப் பல சின்னக் கணினிகளாகப் பங்கிட்டுக் கொடுக்கும் மென்பொருள் அது. ஒவ்வொரு சின்னக் கணினியும் முழு இயந்திரமும் தனக்கே சொந்தம் என்று நினைத்துக்கொண்டு ஓடும். எதற்கு எவ்வளவு நேரம் செயலி கிடைத்தது, எது எவ்வளவு நேரம் காத்துக் கிடந்தது என்பது ஹைப்பர்வைசருக்கு மட்டும்தான் தெரியும். அதைக் கவுண்டர் என்ற எண்ணிகளில் பதிந்து வைத்திருக்கும். அந்தக் கவுண்டர்களை எடுத்து வெளியே காட்டுவதற்கு டிரைவர் என்ற சின்ன நிரலொன்றை எழுதித் தரச் சொல்லி எங்களிடம் கேட்டிருந்தார்கள்.

டிரைவர் கர்னலுக்குள் ஓடுவது. கர்னல்தான் இயந்திரத்தின் அடித்தளம். சாதாரண மென்பொருளில் பிழை இருந்தால் அது மட்டும் நின்றுபோகும். கர்னலில் பிழை இருந்தால் முழு இயந்திரமும் விழும். அதன் மேல் ஓடும் சின்னக் கணினிகள் எத்தனை இருந்தாலும் சேர்ந்து விழும். அதனால் எங்களிடம் ஒரு விதி இருந்தது. கர்னல் கோட்டை எழுதியவர் தவிர இன்னொருவர் வரிவரியாகப் படித்து, சரி என்று தன் பெயரைப் போட வேண்டும். அப்போதுதான் வெளியே போகும். ஐந்து வருடமாக அந்தப் பெயர் பெரும்பாலும் என்னுடையதாகத்தான் இருந்தது.

நான் அந்த அலுவலகத்தில் கேபிள் இழுக்கிற வேலைக்குத்தான் முதலில் சேர்ந்தேன். கொட்டகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வீடு. அப்பா தேயிலை ஃபெக்டரியில், அம்மா கொழுந்து பறிப்பில். பல்கலைக்கழகம் போகவில்லை. கர்னலை நானே படித்துக் கற்றுக்கொண்டேன். யாராவது ஒரு நாள் வந்து, இவனுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயம் என்னிடம் எப்போதும் இருந்தது. அந்த ஆள் வந்துவிட்டார் என்று நினைத்தேன், ஓர் அக்கா புதிதாக வேலைக்கு வந்தபோது.

அவர் கினிகத்தேனைக்காரர். அங்கே அவருடைய தகப்பனாருக்கு, அவர் சொல்கிற மாதிரி வாப்பாவுக்கு, கடை இருக்கிறது. கொழும்பில் எட்டு வருடம் பெரிய நிறுவனமொன்றில் இதே வேலை செய்தவர். வாப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்துபோனதால் வீட்டுக்குத் திரும்பி, எங்கள் அலுவலகத்தில் சேர்ந்தார். என்னைவிட மூன்று வயது மூத்தவர். முதல் நாளே என்னைத் "தம்பி" என்று கூப்பிட்டார். அன்பாகத்தான் கூப்பிட்டார். எனக்கு அது குத்தியது. ஆபீசில் எங்களைப் போலவே பேசுவார். கோபமோ அவசரமோ வந்தால் வீட்டுப் பேச்சு வந்துவிடும். "சொல்லுங்க" என்பது "செல்லுங்க" ஆகிவிடும்.

இந்த டிரைவர் வேலையை முதலில் என்னிடம்தான் கேட்டார்கள். மூன்று மாதமாகும் என்று சொன்னேன். அவர் ஆறு கிழமையில், ஒன்றரை மாதத்தில், எழுதி முடித்தார். மேற்பார்வைக்கு அது என் மேசைக்கு வந்தது.

முதல் கோப்பு புரிந்தது. இரண்டாவது கோப்பின் நடுவில் எங்கேயோ வழி தவறினேன். ஹைப்பர்வைசர் ஒவ்வொரு செயலிக்கும் நினைவகத்தில் ஒரு பக்கத்தைக் கொடுக்கும். கவுண்டர்கள் அந்தப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும். டிரைவர் அந்தப் பக்கத்தைப் பிடித்து, யாராவது கேட்கும்போது நகலெடுத்துக் கொடுக்கும். அதுவரை சரி. ஆனால் கவுண்டரைப் படிப்பவரும் சின்னக் கணினியை மூடுபவரும் ஒரே நேரத்தில் வந்தால் மோதாமல் இருக்க அவர் போட்டிருந்த பூட்டு முறை நான் கையால் தொட்டிராதது. இரண்டு தரம் படித்தேன். மூன்றாம் தரம் படிக்காமல் மேலே போய், பெயர்களில் குறை தேட ஆரம்பித்தேன்.

பதினேழையும் அவர் மறுநாள் காலைக்குள் திருத்தி அனுப்பினார். ஒரு வார்த்தை மறுப்பு இல்லை. நான் இன்னும் ஒன்பது எழுதினேன். அவற்றையும் திருத்தினார். மூன்றாவது சுற்றில் ஆறு. அன்று செவ்வாய்க்கிழமை. காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே என் மேசைக்கு வந்து நின்றார்.

"தம்பி, இந்தப் பேரப் பாருங்க. முதல் நாள் இது நீளம்னு மாத்தச் சொன்னீங்க. மாத்துனேன். இப்ப மறுபடி பழைய பேரையே போடச் சொல்லி எழுதியிருக்கீங்க."

பார்த்தேன். அப்படித்தான் எழுதியிருந்தேன். நான் எழுதியது எனக்கே நினைவில்லை.

"அது... பழைய பேருதான் தெளிவா இருந்துச்சுன்னு தோணுச்சு."

"சரி. பேர விடுங்க. கோட்ல என்ன பிரச்சின? அதச் செல்லுங்க."

பக்கத்து மேசைக்காரர்கள் தட்டச்சை நிறுத்திவிட்டார்கள். காது சூடாகிறது என்று சொல்வார்களே, அது நிஜமாகவே சூடாகும்.

"இன்னும் முழுசாப் பாக்கலக்கா."

"ஒம்பது நாளா?"

அவர் குரலை உயர்த்தவில்லை. அவ்வளவுதான் கேட்டார். ஆனால் நிறுவனத்தை நடத்துகிறவர் உள் அறையில் இருந்து எழுந்து வந்துவிட்டார். நாங்கள் சேர் என்று கூப்பிடுகிற அவர் நுவரெலியாவைச் சேர்ந்தவர். வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு வந்து, சொந்த உழைப்பில் இந்த அலுவலகத்தை எழுப்பியவர். அவருக்கு நீண்ட பேச்சு பிடிக்காது.

"வெள்ளிக்கிழம நாலு மணிக்கு கிளையண்டோட கூட்டம். அன்னைக்கு கோட்ட ஒப்படைக்கிறோம். அதுக்குள்ள நீங்க கையெழுத்துப் போடுறீங்க, இல்லாட்டி ஏன் போடலன்னு எனக்குக் காட்டுறீங்க. பேரு, புள்ளி, கமா எல்லாம் வேணாம்."

அன்று வீட்டுக்குப் போகும்போது இரண்டாவது கோப்பை அச்செடுத்து எடுத்துப் போனேன். பஸ்ஸில் படித்தேன். வீட்டில் படித்தேன். மறுநாள் விடியக் காலை வாசற்படியில் உட்கார்ந்து மறுபடி முதல் வரியில் இருந்து தொடங்கினேன். அம்மா காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். மழைக்கு றெட்டுத் துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டே என்னைப் பார்த்தார்கள்.

"நேத்து வந்ததுல இருந்து அதே தாளத்தானே பாத்துக்கிட்டு இருக்க. என்னாடா அது?"

"ஆபீஸ்ல ஒரு அக்கா எழுதுனதும்மா. புரிய மாட்டேங்குது."

"எழுதுனவங்ககிட்டயே கேக்க வேண்டியதுதான?"

"கேட்டா என்ன நெனப்பாங்க?"

"என்ன நெனப்பாங்க. புரியலன்னு நெனப்பாங்க."

சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் நான் கேட்கவில்லை. ஒன்பது நாள் நடித்துவிட்டுப் பத்தாம் நாள் போய் அடிப்படையைக் கேட்க முடியாது என்று தோன்றியது.

புதன்கிழமை முழுக்க என் மேசையில் வெள்ளைத் தாளில் கட்டம் போட்டேன். இடது பக்கம் படிக்கிறவர், வலது பக்கம் மூடுகிறவர். அவருடைய கோட்டில் ஒவ்வொரு வரியையும் எடுத்து, இந்தக் கணத்தில் இவர் கையில் என்ன பூட்டு இருக்கிறது, அவர் கையில் என்ன இருக்கிறது என்று எழுதிக்கொண்டே வந்தேன். சாயங்காலம் நாலு மணிபோல மெல்ல மெல்லப் பிடிபட்டது. பிடிபட்ட பிறகு வெட்கமாக இருந்தது. அவ்வளவு நேர்த்தியாக எழுதியிருந்தார். படிக்கிறவர் யாரும் காத்திருக்கத் தேவையில்லை. சின்னக் கணினியை மூடும்போது கடைசிப் படிப்பாளி வெளியேறும்வரை பக்கம் விடப்படாது. நான் எழுதியிருந்தால் மூன்று மாதத்திலும் இப்படி வந்திராது.

வியாழன் காலை பெயரைப் போட்டுவிடலாம் என்று நினைத்தபடிதான் அலுவலகம் வந்தேன். கடைசியாக ஒரு முறை கட்டங்களை ஓட்டிப் பார்த்தேன். வலது பக்கத்தில் மூடுகிறவர் என்று எழுதியிருந்த இடத்தில் கண் நின்றது. சின்னக் கணினியை முழுதாக மூடுகிற வழி ஒன்றுதானா? கிளையண்டின் கையேட்டைத் திறந்தேன். ஓடிக்கொண்டிருக்கும் சின்னக் கணினியில் இருந்து ஒரு செயலியை மட்டும் கழற்றிவிடலாம் என்று அதில் இருந்தது. நான்கு செயலியோடு ஓடுவதை மூன்றாக்கலாம். அப்படிக் கழற்றும்போது அந்தச் செயலியின் கவுண்டர் பக்கத்தை ஹைப்பர்வைசர் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

கோட்டில் அந்த வழியைத் தேடினேன். இருந்தது. ஆறு வரி. அதில் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. சின்னக் கணினி முழுதாக மூடப்படாமல் பார்த்துக்கொள்ள ரெஃபரன்ஸ் என்கிற ஏற்பாடு இருந்தது. அதன் ஒரு செயலி மட்டும் கழன்று போவதைத் தடுக்க ஏற்பாடு இல்லை. படிக்கிறவர் நகலெடுக்கும் நடுவில் செயலி கழன்றால், இல்லாத பக்கத்தை கர்னல் தொடும். எல்லாம் விழும்.

சந்தோஷமா பயமா என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை நாள் இல்லாத குறையைத் தேடியவன் நான். இதுவும் என் மனம் கட்டியதாக இருக்கலாம். நான்கு முறை சரிபார்த்தேன். பிறகு எழுந்து அவர் மேசைக்குப் போனேன்.

"அக்கா, ஒரு பிழை இருக்கு."

அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "பேரா?"

"இல்லக்கா. ப்ராசஸர கழட்டுற எடத்துல. படிக்கிறவங்க உள்ள இருக்கும்போதே பேஜ் போயிருது."

"அதுக்குத்தான் ரெஃபரன்ஸ் எடுத்திருக்கேனே."

"முழு மெஷினுக்கு எடுத்திருக்கீங்க. ப்ராசஸருக்கு எடுக்கல."

இப்போது திரும்பினார். நான் காட்டினேன். அந்த ஆறு வரியையும் பார்த்தார், மேலே போய்ப் பூட்டைப் பார்த்தார். முகத்தில் ஏதோ ஓடியது. பிறகு அது மூடிக்கொண்டது.

"ஓடுற மெஷின்ல ப்ராசஸர கழட்டுற நேரமும், இங்க காப்பி பண்ற நேரமும் ஒண்ணா வரணும். எவ்வளவு சின்ன நேரம் அது, தெரியுமா? நான் ரெண்டு கிழம டெஸ்ட் ஓட விட்டேன் தம்பி. ஒரு தரம்கூட விழல."

"கழட்டி கழட்டி டெஸ்ட் பண்ணீங்களா?"

"மூடி மூடிப் பண்ணேன்." குரல் தாழ்ந்தது. "நீங்க ஒம்பது நாளா எதாவது கெடைக்குமான்னு பாத்துக்கிட்டே இருந்தீங்க. இப்ப ஒண்ணு கெடச்சிருச்சு. அப்படித்தானே?"

அவர் சொன்னதில் முதல் பாதி உண்மை.

மத்தியானம் சேரிடம் போனேன். அவர் கேட்ட முதல் வார்த்தை, "மறுபடியுமா?" காட்டுகிறேன் என்றேன். ஜன்னலோரம் எங்களுடைய சோதனை சர்வர் ஒன்று இருந்தது. நகல் எடுப்பதற்கு முன்னால் டிரைவரை இரண்டு விநாடி தூங்க வைக்கும் வரியொன்றைச் சேர்த்து, அந்த இரண்டு விநாடிக்குள் செயலியைக் கழற்றினேன். சர்வர் உடனே விழுந்தது. சேர் திரையைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார்.

"ரெண்டு செக்கன் நிறுத்தி வச்சா எதத்தான் விழுத்த முடியாது?" என்றார் அக்கா.

அதுவும் நியாயம்தான். அந்தத் தாமதம் இல்லாமலே அது விழும் என்று எனக்குத் தெரியும். ஆனால் என் வார்த்தைக்கு அந்த அறையில் விலை இல்லாமல் போயிருந்தது. அதை நானே செய்துகொண்டேன். ஒரு மாதத்துக்கு முன்னால் இதைச் சொல்லியிருந்தால் சேர் கேள்வி கேட்காமல் வேலையை நிறுத்தியிருப்பார்.

"நாளைக்கு நாலு மணி வரைக்கும் நேரம் இருக்கு," என்றார் சேர். "அவங்க எழுதுனத அப்படியே வச்சு விழுத்திக் காட்டுங்க. விழுந்துச்சுன்னா நான் நிறுத்துறேன். விழலன்னா நீங்க கையெழுத்துப் போடுறீங்க."

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கே வந்தேன். கதவைத் திறக்கக் கீழ்க்கடைக்காரரிடம் சாவி வாங்கினேன். பழைய சோதனையொன்றில் இருந்து ஒரு சின்ன ஸ்கிரிப்டை எடுத்து மாற்றினேன். ஒரு பக்கம் கவுண்டர்களை இடைவிடாமல் படிக்கும். மறுபக்கம் ஒரு செயலியைக் கழற்றும், மாட்டும், கழற்றும், மாட்டும். திரையின் மூலையில் எத்தனை சுற்று என்று எண் ஏறிக்கொண்டிருக்கும். ஓட விட்டுவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்தேன்.

எண் ஆயிரத்தைத் தாண்டியது. ஒன்றும் ஆகவில்லை. இரண்டாயிரத்தைத் தாண்டியது. வட்டவளையில் மண் சரிந்து பாதையில் கிடந்ததால் அக்கா ஒன்பதரைக்குத்தான் வந்தார். குடையைக் கதவோரம் வைத்துவிட்டு, திரையின் மூலையை ஒரு முறை பார்த்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனார். அவர் மேசையில் வேறு வேலை இருந்தது. எதையும் செய்யவில்லை. திறந்த பக்கம் திறந்தபடி இருந்தது.

பத்தே முக்காலுக்கு மழையோடு கரண்ட் போனது. பேட்டரி சர்வரைச் சில நிமிடம் தாங்கியது. சேர் மின்சார அலுவலகத்துக்குப் போன் எடுத்துச் சிங்களத்தில் கேட்டார். எப்போது வரும் என்று அவர்களுக்கும் தெரியவில்லை. பேட்டரி கீச்சிட ஆரம்பித்தது. நானே சர்வரை அணைத்தேன். இருட்டறையில் ஏழு பேரும் உட்கார்ந்திருந்தோம். தகரத்தில் மழை. யாராவது ஏதாவது சொல்ல மாட்டார்களா என்றிருந்தது.

பதினொன்றரைக்குக் கரண்ட் வந்தது. முதலில் இருந்து ஓட விட்டேன்.

பன்னிரண்டு. பன்னிரண்டரை. எண் ஏறிக்கொண்டே இருந்தது. சோற்றுப் பார்சலை நான் பிரிக்கவில்லை. கையெழுத்தைப் பற்றி யோசித்தேன். இந்தப் பிழை உண்மை என்று தெரிந்துகொண்டே சரி என்று பெயரைப் போட வேண்டும். போடாவிட்டால் வேலை போகும். போட்டால், எங்கேயோ ஒரு நாட்டில் ஏதோ ஓர் இயந்திரம் விழும். அந்த ஆறு வரிக்குக் கீழே என் பெயர் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் எனக்கு இடம் தெரியவில்லை.

ஒரு மணி இருக்கும். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அக்கா எனக்குப் பின்னால் வந்து நின்றார். எண்ணைப் பார்க்கவில்லை. அதற்கு மேலே இருந்த ஸ்கிரிப்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த வரி என்ன?"

"பழைய டெஸ்ட்ல இருந்ததுக்கா."

"இது ரெண்டு வேலையையும் சர்வர்ட ஒரே ப்ராசஸர்ல கட்டி வச்சிருக்கு. படிக்கிறதும் அதுலதான், கழட்டுறதும் அதுலதான். ஒண்ணு ஓடுற நேரம் மத்தது நிக்கும். எப்படி மோதும்?"

நான் அந்த வரியைப் பார்த்தேன். காலையில் இருந்து ஐந்து மணி நேரமாக அது அங்கேயே இருந்திருக்கிறது.

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். விசைப்பலகையைத் தன் பக்கம் திருப்பினார். அந்த வரியை அழித்தார். கழற்றுகிறதைச் சர்வரின் ஒரு செயலியிலும், படிக்கிறதை அதன் மற்ற எல்லாச் செயலிகளிலும் ஓடும்படி எழுதினார். ஒரு படிப்பாளிக்குப் பதில் பதினைந்து படிப்பாளிகள். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அக்கா, இது உங்க கோட்."

"தெரியும்."

"விழுந்துருச்சுன்னா..."

"விழுந்தா விழட்டும். நேத்து ராவு முழுக்க அந்த ஆறு வரிதான் கண்ணுக்குள்ள நின்டிச்சு. அதுல பிழ ஈக்கா இல்லையான்னு எனக்கும் தெரியணும். தெரியாம நாலு மணிக்கு அவங்களுக்கு முன்னால போய் எப்படி ஒக்காருவேன், செல்லுங்க?"

ஓட விட்டார். அவர் எழுந்து போகவில்லை. நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஓர் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் அது நிற்க வேண்டும் என்று வேண்டினேன். அவர் எதை வேண்டினார் என்று நான் கேட்கவில்லை. ஒன்றரை மணிக்கு நூறு. இரண்டு மணிக்கு ஆயிரத்து முன்னூறு. சேர் இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனார். கீழே யாரோ தகரம் வெட்டினார்கள்.

மூன்று மணிக்குச் சில நிமிடம் இருக்கும்போது எண் நின்றது.

முதலில் திரைதான் தாமதிக்கிறது என்று நினைத்தேன். பிறகு சர்வரின் காற்றாடிகள் ஒரேயடியாக உரக்கச் சுற்ற ஆரம்பித்தன. கர்னல் கடைசியாகத் துப்பிய வரிகள் திரையில் வந்து விழுந்தன. நடுவில் அவர் எழுதிய நகலெடுக்கும் பகுதியின் பெயர். நான் முதலில் நீளம் என்று சொல்லி, பிறகு பழையபடி ஆக்கச் சொன்ன அதே பெயர்.

அக்கா அந்த வரிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் படித்தார். "ம்," என்றார். எழுந்து படியிறங்கிப் போனார். பத்து நிமிடம் கழித்து வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

எனக்கு உள்ளே வெற்றி மாதிரி ஒன்று எழும்பியது. அதை நான் மறைக்க விரும்பவில்லை, எழும்பியது. அது ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை.

நாலு மணிக்குக் கூட்டம். திரையில் கிளையண்டின் பக்கம் இரண்டு பேர். சேர் ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னார். டிரைவரை இன்று ஒப்படைக்க முடியாது, எங்கள் மேற்பார்வையில் ஒரு பாரதூரமான பிழை பிடிபட்டிருக்கிறது, கண்டுபிடித்தவர் இவர் என்று என்னைக் காட்டினார். அந்தப் பக்கம் இருந்த மூத்த பொறியாளர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நல்ல வேலை என்றார். பிறகு கேட்டார்.

"இந்தக் கோட் பன்னிரண்டு நாளாக உங்கள் மேற்பார்வையில் இருக்கிறது. ஏன் கடைசி நாளில் இது தெரிகிறது?"

சேர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அக்கா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சொல்ல வேண்டியது என் நாக்கில் இருந்தது. ஒன்பது நாள் நான் ஒழுங்காகப் படிக்கவே இல்லை, புரியாததை மறைத்தேன். நான் சொன்னது வேறு. "இது கண்ணில் படக் கஷ்டமான பிழை. மீண்டும் உண்டாக்கிக் காட்ட நேரம் எடுத்தது. சோதனையைச் சரியாக அமைத்துக் கொடுத்தவர் இவர்தான்," என்று அக்காவைக் காட்டினேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனால் மொத்தமும் பொய். அவர் தலையைத் தூக்கி என்னை ஒரு முறை பார்த்தார். அவ்வளவுதான். அந்தப் பொறியாளர் சரி என்று சொல்லி, எட்டு நாள் அவகாசம் கொடுத்தார்.

அந்தச் சனி ஞாயிறு எனக்கு நன்றாகப் போகவில்லை. கோயிலுக்குப் போனேன், டவுனுக்குப் போனேன், எங்கேயும் அந்த ஒரு பார்வை கூடவே வந்தது. அவர் ஏதாவது திட்டியிருந்தால் பரவாயில்லை. தன் கோட்டைத் தானே விழுத்திப் பார்த்த ஆள். நான் ஒரு வாக்கியத்துக்குப் பயந்தேன்.

திங்கட்கிழமை அலுவலகம் போனதும் முதல் வேலையாக மேற்பார்வைப் பக்கத்தைத் திறந்தேன். என் முப்பத்திரண்டு குறைகளும் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றையும் திரும்பப் பெற்றேன். கீழே எழுதினேன்: "இவை தேவையில்லாதவை. இந்தக் கோட்டின் பூட்டு முறை எனக்கு அப்போது புரியவில்லை. கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. முதல் ஒன்பது நாள் வீணானதற்கு நான்தான் காரணம், எழுதியவர் அல்ல." அந்தப் பக்கத்தைக் கிளையண்டும் படிப்பார்கள் என்று தெரியும். அனுப்பினேன்.

அரை மணி நேரத்தில் சேர் உள்ளே கூப்பிட்டார்.

"எல்லாரும் பாக்குற எடத்துல இத ஏன் எழுதுனீங்க? எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"குறை எழுதுனதும் எல்லாரும் பாக்குற எடத்துலதான் சேர்."

அவருக்கு அது பிடிக்கவில்லை. அடுத்து வரும் டிரைவரின் மேற்பார்வை எனக்கு இல்லை என்றார். சரி என்றேன். நான் வாசலுக்குப் போனபோது, இந்தத் திருத்தத்தை யார் பார்ப்பது என்று அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டது காதில் விழுந்தது.

"அவரே பாக்கட்டும் சேர். அந்த எடம் இப்ப அவருக்குத்தான் நல்லாத் தெரியும்."

என்னிடம் வந்து அவர் எதுவும் சொல்லவில்லை. நான் எழுதியதைப் படித்தாரா என்றுகூடச் சொல்லவில்லை. மன்னிப்பு என்று நான் எதிர்பார்த்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. வியாழக்கிழமை திருத்தம் வந்தது. நாற்பது வரி. அந்த ஆறு வரி இருந்த இடத்தில், உள்ளே இருக்கும் படிப்பாளிகள் வெளியேறும்வரை காத்திருக்கும் ஏற்பாடு. பத்து மணிக்குப் படிக்க உட்கார்ந்தேன். முப்பத்தொன்றாம் வரியில் நின்றேன். காத்திருந்து முடித்த பிறகும் ஏன் இன்னொரு தடவை அந்தப் பக்கத்தின் நிலையைச் சோதிக்க வேண்டும்? கட்டம் போட்டுப் பார்த்தேன். பிடிபடவில்லை.

தாளை எடுத்துக்கொண்டு அவர் மேசைக்குப் போனேன். இரண்டு மேசைக்கும் நடுவில் எட்டு அடிதான் இருக்கும். நீண்ட தூரமாக இருந்தது.

"அக்கா, இந்த வரி எனக்குப் புரியல."

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு, அந்த அலுவலகத்துக்கு வந்ததில் இருந்து நான் அவரிடம் பார்த்திராத ஒரு சிரிப்பு வந்தது. சங்கடமான சிரிப்பு.

"உண்மையச் சொன்னா, எனக்கும் முழுசாப் புரியல தம்பி. அது இல்லாட்டி டெஸ்ட் விழுது. இருந்தா ஓடுது. நேரம் இல்லன்னு விட்டுட்டேன்."

பக்கத்தில் இருந்த நாற்காலியில் கிடந்த பையை எடுத்துக் கீழே வைத்தார். நான் உட்கார்ந்தேன். கையேட்டைத் திறந்தோம். இரண்டு மணிபோல, ஹைப்பர்வைசர் ஒரு பக்கத்தைத் திரும்ப எடுப்பதாகச் சொல்வதற்கும் உண்மையில் எடுப்பதற்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது என்பது ஓர் அடிக்குறிப்பில் கிடைத்தது. இரண்டாம் சோதனை தேவைப்பட்டது அதனால்தான். அவர் அதைத் தன் கையாலேயே அந்த வரிக்கு மேலே எழுதி வைத்தார். அதற்குக் கீழே நான் என் பெயரைப் போட்டேன்.